உடுப்புக் கொடுப்பதற்கு முன் உயரத்தைக் கேளுங்கள்

முதலில் தொலைபேசியை எடுங்கள். அலுமாரியைப் பிறகு திறக்கலாம்.

பிள்ளைகளுக்குச் சிறுத்துப்போன உடுப்பையெல்லாம் ஒரு பையில் திணித்து வைத்துவிட்டு, யாருக்குக் கொடுக்கலாம் என்று பிறகு யோசிப்பதுதான் நம்மில் பலருடைய வழக்கம். நானும் இரண்டு வருடம் அப்படித்தான் செய்தேன். இரண்டாம் வருடம் நான் கொண்டுபோன பையில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் உடுப்பு முப்பதுக்கு மேல் இருந்தது. அந்தக் கிராமத்தில் அந்த வயதுப் பிள்ளைகள் நான்கே பேர். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு என் பையில் ஒன்றுமே இல்லை. அன்றிலிருந்து, அளவு கேட்காமல் ஓர் உடுப்பும் எங்கள் வீட்டை விட்டு வெளியே போவதில்லை.

யாரிடம் கேட்பது? ஊரின் வீடு வாசல் அறிந்தவர்களிடம். முன்பள்ளி ஆசிரியைக்குத் தன் பிள்ளைகளில் யார் கிழமை முழுவதும் ஒரே சட்டையோடு வருகிறார்கள் என்பது தெரியும். குடும்பநல மருத்துவமாது வீடு வீடாகப் போகிறவர். மாதர் சங்கத் தலைவியிடமும் கிராம உத்தியோகத்தரிடமும் கேட்கலாம். ஆனால் என் அனுபவத்தில் ஆசிரியைமாரே மிகச் சரியான பட்டியலைத் தருகிறார்கள். பெயர் கேட்காதீர்கள். எத்தனை பெண்பிள்ளைகள், எத்தனை ஆண்பிள்ளைகள், ஒவ்வொருவரும் எவ்வளவு உயரம் என்பது மட்டும் போதும். கூடவே ஒரு கேள்வி: “அங்கே எது தேவையில்லை?” இந்தக் கேள்விக்கு வரும் பதில்தான் பாதி வேலையைக் குறைக்கும்.

வயதை ஏன் கேட்கக் கூடாது என்றால், வயது நம்மை ஏமாற்றிவிடும். நம் கடைகளில் விற்கிற ஏற்றுமதி உடுப்புகளின் கழுத்துப்பட்டியில் ‘7–8’ என்று போட்டிருக்கும். அதன் பக்கத்தில் சின்ன எழுத்தில் 128 செ.மீ என்றும் இருக்கும். அந்த அளவு வெளிநாட்டுப் பிள்ளையை வைத்துக் கணக்கிட்டது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் ஒன்பது வயதில்தான் அந்த உயரத்துக்கு வருகிறார்கள். 3–4 என்றால் 104, 5–6 என்றால் 116, 9–10 என்றால் 140, 11–12 என்றால் 152. பெரும்பாலான கழுத்துப்பட்டிகளில் இந்தக் கணக்குத்தான். பட்டி வெட்டியிருந்தால் அளவு நாடாவைப் போட்டுப் பார்த்து, வீட்டில் அதே பருமனுள்ள வேறொரு சட்டையோடு ஒப்பிடுங்கள். 128 செ.மீ என்றால் ஏறத்தாழ ஐம்பது அங்குலம்.

உயரத்தில் கணக்கு வைப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. என் மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஆறு. ‘ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம்’ என்ற சொல்லை நான் அவர்களிடம் பாவிப்பதில்லை. “நூற்றிருபத்தெட்டு சென்ரிமீற்றர் உயரமான ஒரு பிள்ளைக்குக் காற்சட்டை வேண்டும்” என்று சொன்னால், மகள் சுவரில் பென்சில் கோடு போட்டிருக்கும் இடத்தில் போய் நிற்பாள். “அம்மா, அந்தப் பிள்ளை என்னைவிட இவ்வளவுதான் சிறியது” என்று விரலால் காட்டுவாள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைக்கு ஒரு நிறம் பிடிக்கும், ஒரு நிறம் பிடிக்காது என்பதெல்லாம் அவளுக்குத் தானாகவே விளங்கிவிடுகிறது.

கச்சான் காற்று இருக்கும்போதே

மட்டக்களப்பில் இந்த வேலைக்குக் காலம் உண்டு. ஆகஸ்ட் விடுமுறையில் தொடங்கி ஒக்டோபர் நடுப்பகுதிக்குள் முடித்துவிடுங்கள். ஆகஸ்டில் கச்சான் காற்று அடிக்கும். காலை எட்டு மணிக்குக் கொடியில் போட்டது பத்துமணிக்குக் காய்ந்து மொறுமொறுவென்று இருக்கும். நவம்பரில் மழை பிடித்துக்கொண்டால் ஒரு நீளக் காற்சட்டை காய மூன்று நாள் ஆகும். இடுப்புப்பட்டியில் ஈரம் தங்கும், ஒரு கிழமையில் பூஞ்சணம் பிடிக்கும். வெள்ளம் வந்தால் கிரான் பாலத்துக்கு அப்பால் படகில்தான் போக வேண்டும். வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையின் மற்றப் பாதைகளிலும் பல தாழ்ந்தவை.

காசுக் கணக்கும் இதில் இருக்கிறது. பெரும்போக விதைப்பு ஒக்டோபரில் தொடங்கும்போது வயல்காரர் வீட்டுக் காசெல்லாம் உழவுக்கும் விதைநெல்லுக்கும் போய்விடும். வருடத் தொடக்கத்தில் பிள்ளைக்கு உடுப்பு வேண்டியிருக்கும் நேரத்தில் வெள்ளாமை இன்னும் வயலில்தான் நிற்கும். ஆகவே மழைக்கு முன்பே கையில் சேர்த்துவிடுவது நல்லது.

விறாந்தையில் ஒரு நாள்

இனி அலுமாரியைத் திறக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை முழுவதுமாக ஒதுக்குங்கள். எங்கள் வீட்டில் விறாந்தையில் பாய் விரித்து, எல்லாரும் கீழே உட்காருவோம். மகன் பொத்தானும் சிப்பும் பார்க்கிறவன். ஒவ்வொரு சிப்பையும் மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, ‘சரி’ என்று பெரிய குரலில் சொல்லுவான். மகள் கொப்பியும் அளவு நாடாவும் வைத்திருப்பாள். என் கணவர் வெளிச்சத்துக்கு எதிரே உடுப்பைத் தூக்கிப் பிடித்து, துணி நைந்திருக்கிறதா என்று பார்ப்பார். துணிக்கு அப்பால் விரல்கள் தெரிந்தால், இரண்டு தோய்ச்சலுக்கு மேல் அது தாங்காது. அதை ஒதுக்கிவிட வேண்டும். அம்மா கால்மிதித் தையல் இயந்திரத்தடியில் இருப்பார். திருத்த வேண்டியவை அவர் பக்கம் போகும்.

எதை ஒதுக்குவது என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். என் மகள் இந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு பிறந்தநாள் வீட்டுக்குப் போவாளா? மாட்டாள் என்றால் அது வேறொரு பிள்ளைக்கும் போகக் கூடாது. ‘ஒன்றும் இல்லாததற்கு இது பரவாயில்லை’ என்ற பேச்சு எங்கள் வீட்டுப் பாயில் எழக் கூடாது என்பதில் அம்மா கண்டிப்பாக இருப்பார்.

பிள்ளைகளிடமிருந்து எதையும் பிடுங்காதீர்கள். மகனிடம் உழவு இயந்திரப் படம் போட்ட பெனியன் ஒன்று இருந்தது. வயிறு தெரியும் அளவுக்குச் சிறுத்துவிட்டது. அதைப் பட்டியலில் சேர்த்தபோது பாயில் இருந்து எடுத்துச் சுருட்டி, மடிக்குள் வைத்துக்கொண்டான். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆளுக்கொரு சிறிய பெட்டி இருக்கிறது. அதற்குள் போனதை யாரும் கேட்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு ஒப்பந்தம். அந்தப் பெனியன் இன்றும் அவன் பெட்டியில்தான் இருக்கிறது. அதற்குப் பதிலாக, இன்னும் நன்றாகப் பொருந்துகிற ஒரு சட்டையைத் தானாகவே கொண்டுவந்து வைத்தான். பிள்ளை மனமுவந்து கொடுக்கிற ஒரு சட்டை, நாம் பறித்துக் கொடுக்கிற பத்துச் சட்டைக்கு மேல் என்று நான் நம்புகிறேன்.

தோய்ப்பதில் சில விஷயங்கள். பால், இரத்தம், முட்டைக் கறைகளுக்குக் குளிர்ந்த தண்ணீரையே பாவியுங்கள். சுடுதண்ணீர் பட்டால் கறை துணியில் இறுகிவிடும். பூஞ்சண மணம் இருந்தால் வினாகிரி கலந்த தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவிட்டுத் தோயுங்கள். கறுப்புப் புள்ளி விழுந்துவிட்டால் அது போகாது, ஒதுக்குங்கள். வாழைக் கறையும் மரமுந்திரிகைப் பழக் கறையும் அப்படித்தான். நிறத் துணிகளை உள்பக்கம் வெளியே திருப்பிக் காயப்போட்டால் வெயிலில் வெளுக்காது. வீட்டில் யாருக்காவது சொறி இருந்திருந்தால் அந்த உடுப்பைச் சுடுதண்ணீரில் தோய்த்துக் காயவைத்து, ஒரு கிழமை பையில் கட்டி வைத்துவிட்டுக் கொடுங்கள். சொறிப் பூச்சி மனித உடம்பை விட்டு விலகினால் இரண்டு மூன்று நாளுக்கு மேல் தங்காது.

நாலாவது பொத்தான்

பொத்தானைப் பற்றி நான் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி வந்தபோது எனக்குப் பதினொரு வயது. நாவலடியில் இருந்த எங்கள் வீட்டில் எதுவும் மிஞ்சவில்லை. அம்மாவும் நானும் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் இருந்தோம். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ ஒரு லொறி வந்து உடுப்புச் சாக்குகளை இறக்கியது. முதற்சாக்கில் கம்பளிக் குல்லாக்களும் தடித்த குளிர் அங்கிகளும் இருந்தன. அடுத்ததில் ஒற்றைச் சப்பாத்துகள், கிழிந்த உள்ளாடைகள், பிசுக்குப் பிடித்த திரைச்சீலைகள். பெரியவர்கள் கிளறிக் கிளறிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் எழுந்து போனார்கள். கடலில் இருந்து தப்பி வந்தவர்கள் மற்றவர்களுடைய குப்பையின் முன்னால் குந்தியிருந்த அந்தக் காட்சி எனக்கு இன்றும் மறக்கவில்லை.

கடைசிச் சாக்கின் அடியில் பச்சைப் பூப்போட்ட சட்டை ஒன்று மடித்து வைத்திருந்தது. மடிப்புக் குலையவில்லை. சவுக்கார மணம் இருந்தது. பையைத் தடவியபோது உள்ளே சிறிய கைலேஞ்சி ஒன்று நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. முன்பக்கம் ஐந்து பொத்தான்கள். நான்கு பச்சை, மேலிருந்து நாலாவது மட்டும் வெள்ளை. அந்த வெள்ளைப் பொத்தானைப் பச்சை நூலால் தைத்திருந்தார்கள். யாரோ ஒருவர் வீட்டில் விளக்கடியில் உட்கார்ந்து, ஒரு பொத்தான் இல்லை என்று கண்டு, அதே நிறம் தேடிக் கிடைக்காமல், நூலையாவது பொருந்தும்படி எடுத்திருக்கிறார். எங்கிருந்து வந்தது, யார் தைத்தது என்று எனக்குத் தெரியாது. அந்தச் சட்டையைக் கை இறுகும்வரை இரண்டு வருடம் போட்டேன்.

அதனால்தான் எங்கள் வீட்டில் பொத்தான் இல்லாத உடுப்பு போகாது. மகளுக்கு இப்போது பொத்தான் தைக்கத் தெரியும். நாலு தடவை நூலை ஏற்றி இறக்கி, துணிக்கும் பொத்தானுக்கும் இடையில் மூன்று சுற்றுச் சுற்றி, உள்பக்கம் முடிச்சுப் போட வேண்டும் என்று அம்மா கற்றுக்கொடுத்தார். இலாஸ்டிக் தளர்ந்த காற்சட்டைகளை அப்படியே கொடுத்துவிடாதீர்கள். இடுப்பு மடிப்பில் அரை அங்குலம் பிரித்து, பழையதன் முனையில் புதியதை ஊக்கால் கோத்து இழுத்தால் பத்து நிமிட வேலை. விளையாடும்போது ஒரு கையால் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற பிள்ளையை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

பள்ளிச் சீருடை தனி விஷயம். சீருடைத் துணியை அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிறது. ஆனால் அந்தத் துணி பெரும்பாலும் ஒரு சோடிக்குத்தான் போதும், தையற்கூலியும் பெற்றோருடையது. மழைக்காலத்தில் மாற்றுச் சீருடை இல்லாத பிள்ளை ஈரத்தோடு போகும், அல்லது போகாமல் நின்றுவிடும். ஆகவே நல்ல வெள்ளைச் சட்டையும் நீலக் காற்சட்டையும் எப்போதும் பட்டியலில் மேலே இருக்கட்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் வெள்ளை மஞ்சளடிக்கும் என்பதால் கடைசி அலசலில் நீலம் போட்டு எடுப்போம். பள்ளிச் சின்னத்தைப் பிரித்தெடுங்கள். கழுத்துப்பட்டியில் பேனையால் எழுதிய பெயரைக் கட்டாயம் நீக்குங்கள். உங்கள் பிள்ளை படிக்கும் அதே பள்ளிக்கூடத்துக்கு அந்த உடுப்பு போகக் கூடாது. ‘இது என்னுடைய சட்டை’ என்று ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைப் பார்த்து வகுப்பில் சொன்னால் அந்தச் சொல் வருடக்கணக்கில் நிற்கும்.

உள்ளாடைகள் புதிதாகவே இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பே இல்லை. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பெண்பிள்ளைகளுக்கு உள்ளாடையும் மாதவிடாய்த் துவாயும் சேர்த்து ஒரு மூடிய பையாக ஆசிரியையிடமோ மருத்துவமாதுவிடமோ கொடுங்கள். இதை யாரும் கேட்டு வாங்க மாட்டார்கள், கொடுப்பவர்களும் நினைப்பதில்லை. எங்கள் வீட்டில் இதற்கென்று ஒரு உண்டியல் இருக்கிறது. வருடம் முழுவதும் மிச்சக் காசு அதில் விழும். காத்தான்குடிக் கடையில் மொத்தமாக வாங்கினால் கொஞ்சம் கூடுதலாகவே கிடைக்கிறது.

முஸ்லிம் கிராமத்துக்குக் கொடுப்பதென்றால் நோன்புப் பெருநாளுக்கு முன் கொடுப்பது நல்லது. பெண்பிள்ளைகளுக்கு நீளக் கையும் நீளக் காற்சட்டையும் உள்ளவற்றைப் பிரித்து வையுங்கள். கைக்குழந்தைகளுக்கு, அப்பாமார் பாவித்து மென்மையான மருதமுனைச் சாரத்தை வெட்டி ஓரம் அடித்தால் அதைவிட நல்ல துணி கிடையாது.

கொடியில் போடுங்கள்

கடைசியாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. நாங்கள் திராய்மடுவிலிருந்து ஓட்டோ பிடித்து, வலையிறவுப் பாலத்தால் வவுணதீவுப் பக்கம் போவோம். எந்தக் கிராமம் என்று எழுத மாட்டேன். அங்கே படிக்கிற பிள்ளைகளும் இதை வாசிக்கலாம்.

முன்பு பையைப் பிரித்து ஆளுக்கு ஒன்றாகக் கையில் கொடுப்போம். கை நீட்டி வாங்கிய பிள்ளைகள் உடுப்பை விரித்துக்கூடப் பார்க்காமல் போய்விடுவார்கள். இப்போது ஆசிரியையின் யோசனைப்படி முன்பள்ளித் தூணுக்கும் வேப்பமரத்துக்கும் இடையில் கயிறு கட்டி, அயன் போட்ட உடுப்புகளைக் கவ்வி போட்டுத் தொங்கவிடுகிறோம். பெரிய அளவு ஒரு பக்கம், சிறிய அளவு மறு பக்கம். தாய்மார் பிள்ளைகளோடு வந்து, ஆளுக்கு மூன்று எடுக்கலாம். வயல் வேலை முடிகிற மாலை நேரம்தான் வசதி. போன வருடம் ஒரு அம்மம்மா பேத்தியைக் கையில் பிடித்தபடி வந்தார். ஊதா நிறச் சட்டை ஒன்றை எடுத்து, உள்பக்கம் திருப்பி, தையலை விரலால் நீவிப் பார்த்தார். பிறகு பிள்ளையின் முதுகில் வைத்துத் தோளளவு பார்த்தார். “மகள், இதில் ஒரு அளவு பெரியது இருக்கிறதா? அடுத்த வருடமும் போடலாம்” என்று என்னிடம் கேட்டார். கடையில் கேட்பதுபோலவே கேட்டார். இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

உங்கள் பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போவதா என்பதை யோசித்து முடிவு செய்யுங்கள். நான் போகும்போது அவர்கள் கயிறு கட்டவும் கவ்வி போடவும் உதவுவார்கள். தாய்மார் வரத் தொடங்கியதும் தகப்பனோடு குளக்கட்டுப் பக்கம் போய்விடுவார்கள். தன் சட்டையை யார் எடுக்கிறார்கள் என்று நின்று பார்ப்பது மகளுக்கும் நல்லதல்ல, எடுக்கிற பிள்ளைக்கும் நல்லதல்ல. படம் எடுக்கவே எடுக்காதீர்கள். முகாமில் இருந்தபோது ஒரு குழுவினர் எங்களை வரிசையில் நிற்கவைத்து, பையை நெஞ்சுக்கு நேரே பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்த பிறகுதான் போகவிட்டார்கள். அந்தப் படத்தில் நான் தலையைக் குனிந்திருப்பேன்.

சிறுவர் இல்லத்துக்குக் கொடுப்பதென்றால், அது நன்னடத்தை சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்தில் பதிவான இல்லமா என்று பார்த்துவிட்டு, பொறுப்பாளரிடம் நேரம் கேட்டுப் போங்கள். பெரும்பாலும் சின்னப் பிள்ளைகளின் உடுப்புக் குவிந்திருக்கும். பதினாலு, பதினைந்து வயது ஆண்பிள்ளைகளுக்கு நீளக் காற்சட்டை இருக்காது.

ஒதுக்கியவற்றை எறியாதீர்கள். பொத்தானையும் சிப்பையும் வெட்டி எடுத்துப் போத்தலில் போடுங்கள். அடுத்த வருடத் திருத்தத்துக்கு உதவும். பருத்தித் துணி நிலம் துடைக்கவும், கிழிசல் தலையணைக்குள் அடைக்கவும் ஆகும். கொப்பியை மட்டும் பத்திரமாக வையுங்கள். எங்களுடையதில் போன வருடப் பக்கத்தின் கீழே மகள் எழுதி வைத்திருக்கிறாள்: ‘116 ஆண் – இரண்டு பேர் – காற்சட்டை கிடைக்கவில்லை. அடுத்த முறை அவர்கள் 122 ஆக இருப்பார்கள்.’